சத்தம் போடாதவர்

தா.பழூர்
9.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லபடியாக அம்மா வீடு வந்து சேர்ந்தேன். கட்டின புருஷனுக்கு ஒரு போன் செய்யவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். மணி அடித்தாலே நெஞ்சு திடுக்கென்று அடித்துக்கொள்கிறது. போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அதனால்தான் இந்தக் காலத்தில் போய் தபால். சிரிக்காதீர்கள்.

நம் வீட்டு வாசலில் லாரிகளின் ஏர்ஹாரன் என்றால், இங்கே அண்ணியின் மிக்சி. அது ஓடும்போது மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறேன். கை வியர்த்து அழுகை வருகிறது. மிக்சிக்கு அழுகிறவளை ஊரில் என்ன சொல்வார்கள்? ஏன் தனியாக வந்தாய் என்று அம்மா கேட்டார். "அங்க சத்தம் தாங்க முடியலம்மா" என்றேன். இளவரசன் அண்ணனும் பக்கத்தில் இருந்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அம்மா தலையைத் தடவிக் கொடுத்தார்.

நான்தான் அங்கே இல்லையே. அப்பளத்தை ரசத்தில் ஊறவைக்காமல் நொறுக்கிச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பானு

பாடாலூர்
20.6.2024

அன்புள்ள பானுவுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பளத்தை நொறுக்கித்தான் பார்த்தேன். எனக்கே திக்கென்றது, பாதியில் வைத்துவிட்டேன்.

நேற்று உன் அண்ணன் நம் டயர் கடைக்கு வந்தார். பஞ்சர் போட நின்ற ஆட்கள் முன்னாலேயே கேட்டார். "எந்தங்கச்சிய என்னா சத்தம் போட்டீங்க மாப்ள? கரண்டி விழுந்தாகூட நடுங்குறா. அடிக்கிறீங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. நீ சொன்ன சத்தம் வேறு, அவர்கள் எடுத்துக்கொண்ட சத்தம் வேறு.

எட்டு வருஷத்தில் உன்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கிறேனா? கதவுக் கொண்டிக்குத் துணி சுற்றினேன். இருமல் வந்தால் கொல்லைக்குப் போய் இருமினேன். குறை சொல்லவில்லை பானு. அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

"இல்ல மச்சான்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொல்லப் பார்த்தேன், குரல் எழும்பவில்லை. எனக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போய்விட்டது. நான் தலை குனிந்து நின்றதைப் பார்த்து எல்லாரும் உண்மை என்றே முடிவு செய்துவிட்டார்கள். இன்று டீக்கடையில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அன்பழகன்

தா.பழூர்
2.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டது எனக்கு முன்பே தெரியும். அண்ணியின் பேச்சிலேயே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். புருஷன் சத்தம் போட்டதால் வந்தவள் என்றால் பாவம் என்கிறார்கள். குக்கர் விசிலுக்குப் பயந்து வந்தவள் என்றால் மந்திரிக்க இழுத்துப் போவார்கள். என் மானத்துக்கு விலையாக உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

நேற்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். "அவரு என்னை ஒருநாளும் சத்தம் போட்டதில்ல. எந்தச் சத்தம் கேட்டாலும் எனக்குத்தான் பயம் வருது."

அண்ணி சிரித்துவிட்டார். அம்மா, நினைத்தபடியே, வேப்பிலை அடிக்க ஆள் தேடுகிறார். அண்ணன் மட்டும் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்தார். கடைக்கு வந்து, எல்லார் முன்னாலும் தான் பேசியது தப்பென்று சொல்கிறாராம். வந்தால் டீ வாங்கிக் கொடுங்கள்.

அரியலூரில் ஒரு டாக்டரம்மாவையும் பார்த்துவிட்டேன். இது பைத்தியம் இல்லையாம், சிலருக்கு இப்படி இருக்குமாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால் குறையும், முழுதும் போகும் என்று சொல்ல முடியாது என்றார். அவர் மறைக்காமல் சொன்னதே எனக்குப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். அதைக் கொல்லைக்குக் கொண்டுபோகாதீர்கள். என் முன்னால் நின்று வாய்விட்டுச் சத்தம் போடுங்கள். காதைப் பொத்த மாட்டேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் எழுந்து போக மாட்டேன்.

உங்கள்
பானுப்ரியா