நல்லெண்ணெய்க் கார்

மச்சாள்,

இன்று வெள்ளிக்கிழமை. சாமி விளக்கைத் துடைக்க எடுத்தேன். போன கிழமை விட்ட நல்லெண்ணெய் அடியில் காய்ந்து பிசின் மாதிரிப் பிடித்திருந்தது. சுரண்டினால் நகத்திலும் ஒட்டிக்கொண்டது. விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். உங்களுடைய காரின் மணம். உடனே கோபமும் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், கோபம் மட்டும் இங்கேயே நிற்கிறது.

நீங்கள் என் புருசனின் அக்கா. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளில் இருந்து இந்த வளவில் உங்கள் சொல்தான் சட்டம். உங்கள் மனுசன் வாடகைக்கு ஓடிய அந்தப் பழைய ஏ-போட்டிக் காரை, அவர் செத்த பிறகு நீங்களே ஓட்டப் பழகினீர்கள். ஸ்கந்தபுரத்து ரோட்டில் சீலை உடுத்த மனுசி கார் ஓட்டுவதைப் பார்க்க மாடு மேய்க்கிறவர்கள் நின்றுவிடுவார்கள். நீங்கள் கோர்ன் அடித்து அவர்களையும் மாட்டையும் சேர்த்தே விலத்துவீர்கள்.

பிறகு சீனி வருத்தம் உங்கள் வலக்கால் விரல்களைத் தின்றது. அந்தக் காலால் பிறேக்கை ஓங்கி மிதிக்க முடிந்தது. அக்சிலேற்றரை அளவாக அமத்த முடியவில்லை. காலில் உணர்ச்சி இல்லை. வெளிநாட்டில் இருக்கிற உங்கள் மகன், "காரை வித்துப்போட்டு வீட்டில இருங்கோ அம்மா" என்றான். "கால் ஏலாட்டி கை கிடக்குது" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள்.

அடுத்த நாளே என்னைக் கூப்பிட்டீர்கள். மாமரத்துக்குக் கீழே கார் வாயைத் திறந்தபடி நின்றது. பழைய சைக்கிள் ஒன்றின் பிறேக் பிடியைக் கழற்றி ஸ்ரேறிங் தண்டில் இறுக்கியிருந்தீர்கள். அதிலிருந்து ஒரு மோட்டச்சைக்கிள் கேபிளை ஓட்டை வழியாக எஞ்சின் பக்கம் எடுத்து, காபரேற்றரில் அசைகிற அந்தச் சின்னக் கையில் கொழுவ வேண்டும். கையால் பிடியை அமத்தினால் கார் ஓடும். விட்டால் சுருள் கம்பி அதைத் திருப்பி இழுக்கும். இவ்வளவுதான் விசயம். நீங்கள் உள்ளே இருந்தீர்கள், நான் பொனற்றுக்குள் தலையை விட்டிருந்தேன்.

"வருதோடி?"

"வருது."

"திரும்பிப் போகுதோ?"

"போகுது. ஆனால் முக்கி முக்கிப் போகுது."

கேபிளுக்குள் கிறீஸ் போட வேண்டும் என்றேன். கிறீஸ் வாங்கக் கிளிநொச்சிக்குப் போக வேண்டும். உங்களுக்குப் பொறுமை இல்லை. சாமி அறையில் இருந்து நல்லெண்ணெய்ப் போத்தலை நீங்களே எடுத்து வந்தீர்கள். "மச்சாள், அது காய்ஞ்சால் பிசின் மாதிரி ஒட்டும். விளக்கைப் பாக்கேல்லையோ?" என்று நான் சொன்னது இந்த மாமரத்துக்குத் தெரியும். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சாமிக்கு விடுற எண்ணெய். உன்ர காருக்குக் கூடாதோ?" கார் என்னுடையது இல்லை. நக்கலுக்கு அப்படிச் சொன்னீர்கள். கேபிளை நிமிர்த்திப் பிடித்தது நான்தான். எண்ணெய் விட்டது உங்கள் கை.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கார் கொஞ்சக் காலம் வெயிலிலும் புழுதியிலும் சும்மா நின்றது. அறுவடை முடிந்து ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்த நேரம், நீங்கள் என்னையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டீர்கள். பிடியை விட்டீர்கள், கார் விடவில்லை. உள்ளே கம்பி ஒட்டிக்கொண்டது. "எடியே, நிக்குதில்லையடி!" என்று கத்தியபடி நீங்கள் பிறேக்கை மிதித்து, திறப்பைத் திருகி எஞ்சினை நிப்பாட்ட முதல், அயல்வீட்டு நடராசாவின் நெல்லுக்கு மேலால் ஏறி வாய்க்கால் ஓரத்தில் போய்க் குத்தி நின்றோம். எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. நெல்தான் ரோடு முழுக்கச் சிதறியது.

நடராசா நெல் வாரியோடு ஓடி வந்தான். எங்களைப் பார்த்தான், நெல்லைப் பார்த்தான். "காரே அரிசி குத்தித் தரும் எண்டு முதலே சொல்லியிருந்தால் மில்லுக்காரனோட நான் ஏன் மல்லுக்கட்டுறன்?" கூடிய சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நீங்கள் என்னைக் கை காட்டினீர்கள். "இவள்தான் கேபிளுக்கு நல்லெண்ணெய் விட்டவள்."

அன்றிலிருந்து அது நல்லெண்ணெய்க் கார். நான் நல்லெண்ணெய் விட்ட மனுசி. கடையில் எண்ணெய் வாங்கப் போனாலும், "காருக்கோ, கறிக்கோ?" என்று கேட்டார்கள். நான் அந்தக் காரில் பிறகு ஏறவில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வழக்கம்போல வாசல் படலையில் வந்து கோர்ன் அடித்தீர்கள். "ஏறடி, நேரம் போகுது."

"எண்ணெய் விட்டது ஆர் எண்டு சொல்லுங்கோ. ஏறுறன்."

இன்னொரு முறை கோர்ன் அடித்தீர்கள். பிறகு போய்விட்டீர்கள். நான் பஸ்ஸில் நசிபட்டுப் போய்ச் சேர்ந்தேன். அம்மாளுக்கு முன்னால் ஒரே சனத்துக்குள் நின்றோம். நான் உங்கள் பக்கம் திரும்பவில்லை, நீங்களும் திரும்பவில்லை.

கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது நான் கொண்டுவந்த கஞ்சியில் இரண்டு வாய் குடித்தீர்கள். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "கேபிளை மாத்திப்போட்டன். இப்ப உள்ளுக்குக் கிறீஸ்தான்" என்றீர்கள்.

எனக்கு விளங்கியது. ஆனால் எனக்கு அந்த முழுச் சொல் வேண்டும். "அதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? நடராசாவுக்குச் சொல்லுங்கோ" என்றேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கண்ணை மூடும்வரை எனக்கும் உங்களுக்கும் கதைபேச்சு இல்லை.

போன மாதம் வவுனியாவில் இருந்து ஒருவர் காரைப் பார்க்க வந்தார். உங்கள் மகன் அனுப்பிய ஆள். பிறேக் பிடியைக் கண்டு சிரித்து, "உதைக் கழட்டிப்போட்டு, பழையபடி காலுக்கு மாத்த வேணும் அம்மா" என்றார். அவர் பின்பக்கம் பார்க்கப் போன நேரம் நான் பிடியை ஒருக்கா அமத்தி, கையை எடுத்தேன். டக்கென்று திரும்பியது. இன்னொரு தரம் அமத்தினேன். கொஞ்சமும் ஒட்டவில்லை, மச்சாள். கம்பியை வெட்டிய இடத்தில் பிரியாமல் ஈயமும் வைத்திருந்தீர்கள். ஒருவரையும் கூப்பிடாமல், அந்தக் காலோடு, தனியே குனிந்திருந்து செய்திருக்கிறீர்கள். கேபிளின் மற்ற நுனியை யார் பிடித்தார்கள்? "வருது, போகுது" என்று யார் சொன்னார்கள்?

கார் போன அன்று படலையடியில் நடராசா நின்றான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, வாய் மட்டும் நரைக்கவில்லை. "நல்லெண்ணெய்க் கார் போகுது, அக்கா. இப்பவாவது சொல்லுங்கோ, உண்மையில எண்ணெய் விட்டது ஆர்?"

இத்தனை காலமும் அந்தக் கேள்விக்காகவே அந்தப் பதிலை வாயில் வைத்திருந்தேன். கேட்க வேண்டிய நீங்கள் இல்லை.

"நாங்கள் ரெண்டு பேரும்தான்" என்று சொன்னேன்.

அது பொய். எண்ணெய் விட்டது நீங்கள்தான். ஆனால் சொல்லிவிட்டேன், இனி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.