அவங்க என்றால் எத்தனை பேர்

அக்கா,

இன்று காலை பெட்ரோல் போடும்போது கையில் கொஞ்சம் சிந்திவிட்டது. துடைத்தும் வாசனை போகவில்லை. லிவர்மோர் மலைச்சாலையில் அந்த வாசனையோடுதான் ஆபீஸ் போனேன், தனியாக. நீங்கள் பக்கத்தில் இருந்தவரை, இரண்டு பேர் இருக்கிற வண்டிகளை மட்டும் விடும் கார்பூல் லேனில் ஜம்மென்று போவோம். இப்போது எல்லோரும் ஊர்கிற லேனில் நானும் ஊர்கிறேன்.

"கார் ஓட்டறதுக்கே இப்படி நடுங்கறே. ஒரு நாள் என்கூட பிளேன்ல வா, பயம் தெளிஞ்சிடும்" என்று சீண்டிக்கொண்டே இருப்பீர்கள். ஐம்பது வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஆளிடம் எத்தனை நாள் சாக்குச் சொல்வது? வந்தேன். சியரா மலைகளுக்கு மேலே காற்று நம் சின்ன விமானத்தைக் கீழே அழுத்தியபோது நீங்கள் கத்தவே இல்லை. பனி மூடிய சரிவு ஒன்றைத் தேடி அதில் இறக்கினீர்கள். நான் பிழைத்தது உங்கள் கெட்டிக்காரத்தனத்தால்தான்.

உங்கள் கால்கள் நசுங்கிய இரும்பில் மாட்டிக்கொண்டன. இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை. குளிரில் எனக்குக் கண் சொருகியது.

"தூங்கினே, உதைப்பேன்" என்றீர்கள்.

"எந்தக் காலால?" என்றேன். அந்த நிலைமையிலும் இரண்டு பேரும் சிரித்தோம்.

மதியத்துக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. கையசைக்க மேட்டில் ஏறினேன். மீட்க வந்தவர்களில் ஒருவன் ஓடிவந்து, வேறு யாராவது இருக்கிறார்களா என்று இங்கிலீஷில் கேட்டான். உங்களை "அவ" என்று ஒரு நாளும் சொல்லிப் பழகாத வாய் இது. மனதில் இருந்த "அவங்க" அப்படியே இங்கிலீஷாகி வந்தது. "தே ஆர் இன் த பிளேன். தே ஆர் அலைவ்" என்றேன். அதோடு மயங்கிவிட்டேன்.

விமானத்தில் உங்களை மட்டும் பார்த்ததும், மற்றவர்கள் எங்கே என்று பனியில் தேட இரண்டு பேர் போய்விட்டார்களாம். இரும்பை வெட்ட ஒருவன்தான் மிஞ்சினான். வெளியே எடுத்தபோது உங்களுக்கு மூச்சு இல்லை.

முன்பே எடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். உங்கள் மகளும் அதையே சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. இந்தக் கூத்தைக் கேட்டுச் சிரித்து, என் தலையில் ஒரு குட்டு வைக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆபீசில் உங்களைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "ஷீ" என்றுதான் சொல்கிறேன். ஒரு தடவைகூடத் தப்புவதில்லை. அந்த ஒரு சொல் அன்றைக்கு என் வாயில் வந்திருக்கக் கூடாதா, அக்கா?