தன்னாமுனைக்காரரின் கறிக் கோப்பு

2009 மே 4, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கே வெயில் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பழைய கொப்பி தோணிக்குள் விழுந்து நனைந்துபோனதால் இது புதுக் கொப்பி. ஆகவே மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தலையை நம்பி எதையும் விடமுடியாது.

தெரிந்தவை:
நான் பெண். முப்பத்தைந்து, நாற்பது இருக்கலாம். இடது முழங்கையில் தழும்பு.
கடல் பொங்கிய மறுநாள் வாவியில் மிதந்த என்னைத் தூக்கியவர் பரீத் காக்கா (இனி ப.கா.). ஓட்டமாவடிக்காரர். சைக்கிளில் உடுக்கிற சாரம் விற்கிறவர் என்று ஊர் நினைக்கிறது.
அதற்கு முன் நடந்தது: ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட மாதிரி.
வேலை: நிலையத்துக்காக ஒட்டுக்கேட்பது.

தெரியாதவை: பெயர், ஊர், தையல்.

தையல் தெரியாததுதான் பெரிய இடைஞ்சல். நிலையத்தின் வாசலில் ‘ஸ்டெல்லா தையல் நிலையம்’ என்றல்லவா பலகை! எங்கள் தலைவி ஸ்டெல்லா மிஸ் (ஸ்.மி.). பறங்கிப் பெண்மணி, வயது அறுபத்தெட்டு, பூப்போட்ட கவுண், கறுப்புக் குடை. சுனாமிக்குப் பிறகு யாரோ புண்ணியவான்கள் பலகையை நம்பிப் பன்னிரண்டு தையல் மெசின் தந்து, படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து, வாவிக்கு மேற்கே இந்தப் படுவான்கரைப் பிள்ளைகள் தையல் பழக வருகிறார்கள். இன்றும் இரண்டு பேர். "இடமில்ல கா, வாற மாசம் பாப்பம்" என்று சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டு மெசினும் சும்மா நிற்பதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மே 5, செவ்வாய்

காலை 6. காற்று எழும்புமுன் தோணியில். துடுப்பின் அலகு தண்ணீரில், பிடி காதில்.

இதையும் எழுதிவைக்கவேண்டும். வாவிக் கரையில் நின்று யார் எதைப் பேசினாலும் சொல் தண்ணீரில் விழுகிறது. மறுநாள் காலை துடுப்பு வழியாக ஏறி வருகிறது. மீன் பாடுகிறது என்று கல்லடிப் பாலத்துக்குக் கேட்க வருகிறவர்களை நினைத்தாலே ஸ்.மி.க்குச் சிரிப்பு. எல்லோருக்கும் கேட்காது. "தலைக்குள்ள ஆள் நடமாட்டம் இரிக்கிறவங்களுக்கு வெறும் தண்ணிச் சத்தம்தான்" என்பார். என் தலை ஆளில்லாத வீடு, அதனால் எனக்குக் கேட்கிறது. ஞாபகம் வந்தால் அன்றோடு காது போய்விடுமாம். எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவருக்கு அப்படித்தான் ஆனதாம்.

இன்று கேட்டவை:
1. இரண்டு ஆண்கள், வலையை யார் வெட்டியது என்று சண்டை. பயனற்றது.
2. வாத்துக்காரி. சிலருடைய சொல் தண்ணீரில் கரைவதே இல்லை. இவள் இருநூறு வருஷமாகப் போர்த்துக்கேயப் பாஷையில் ஒரு வாத்துத் திருடனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஸ்.மி. மொழிபெயர்த்தார்: இன்று அவனுடைய தாயையும் சேர்த்து. பயனற்றது.
3. தன்னாமுனைக்காரர். பருப்பு அடிப்பிடித்தது. பயனற்றது.

பயனுள்ளது: இல்லை.

முன்பெல்லாம் நாளுக்கு நாலைந்து வரும். எந்த வீதியில் எதைப் புதைத்திருக்கிறார்கள், யாரைத் தூக்கப் போகிறார்கள். ப.கா. சாரப் பொட்டணத்துக்குள் துண்டுக் கடிதம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்: நாளைக்கு அந்த பஸ்ஸில் ஏறவேண்டாம். ஏறாமல் தப்பியவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எங்களை நடத்தும் ‘மேலிடம்’ யாரென்றும் தெரியாது. ஸ்.மி.யைக் கேட்டால், "வெள்ளைக்காரன் காலத்திலயிருந்து இரிக்கு" என்பார். அது ஒரு பதிலா?

மே 7, வியாழன்

வியாழன் என்றால் தன்னாமுனைக்காரரின் இறால் கறி. எழுதி எழுதி எனக்கு மனப்பாடம்:

"இஞ்ச பாரன், இண்டைக்கும் றால் கறிதான். எல்லாம் போட்டன். நீ போடுற அந்தச் சாமான் மட்டும் என்னண்டு தெரியல்ல. சொல்லாமப் போயிட்டாய்."

அவருடைய மனைவி கடலோடு போனவள். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, நாவலடியில் சிநேகிதிக்குக் கேக் கொடுக்கப் போயிருக்கிறாள். இவர் வீட்டில் நின்று வாழ்க்கையில் முதல்முறையாக இறால் கறி வைத்திருக்கிறார். வந்து ருசி பார்க்கிறேன் என்றவள் வரவேயில்லை. அன்றிலிருந்து தினமும் பின்னேரம் வாவிக்கரைக்கு வந்து அன்றைய சமையலை அவளிடம் சொல்கிறார். நாலு வருஷத்துக்கு மேல். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் "இஞ்ச பாரன்"தான்.

ஆளை நான் கண்டதில்லை. தன்னாமுனை வாவிக்கு அக்கரையில், எழுவான்கரைப் பக்கம்; அங்கே போக எனக்கு அனுமதி இல்லை. ஆனால் எனக்கு அவரைப் பிடிக்கும். கோப்பில் எழுதமுடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மேலிடத்திலிருந்து ஆள் வருகிறாராம். சண்டை முடியப் போகிறது, நிலையத்தை மூடப் போகிறார்கள். ஸ்.மி. இரண்டு தரம் தேநீரில் சீனி போட்டார்.

மே 11, திங்கள்

கொழும்பு ஐயா (கொ.ஐ.) வந்து இறங்கினார். இந்த வெயிலில் சப்பாத்து, கழுத்துப் பட்டி. கையில் ஒலிப்பதிவுக் கருவி. காலையில் துடுப்பில் கட்டிப் பதிவு செய்தார். ஒரு மணித்தியாலம் தண்ணீர்ச் சத்தம் பதிவாகியது. திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

ப.கா. என் காதில்: "மனிசன் நித்திரையாப் போனான் புள்ள."

மே 12, செவ்வாய்

கெட்ட நாள்.

கொ.ஐ. எல்லாக் கோப்பும் பார்த்து முடித்தார். மிகத் தடித்தது தன்னாமுனைக்காரருடையது. "நாலு வருஷம். ஒரு நாள் தவறவில்லை. சாதாரண மனுஷன் தண்ணியோட இப்படிப் பேசுவானா? இது சங்கேதம்" என்றார். ஒரு தாளையும் நீட்டினார்:

இறால் = படகு
தேங்காய்ப்பால் = எரிபொருள்
உப்புக் கூடியது = ஆபத்து
பருப்பு அடிப்பிடித்தது = ???

ப.கா.: "ஐயா, பருப்பு அடிப்பிடிச்சா பருப்பு அடிப்பிடிச்சதுதான். என்ட பொஞ்சாதிக்கும் அடிப்பிடிக்கிற."

எல்லோரும் சிரித்தோம், கொ.ஐ. தவிர. ‘நீ போடுற அந்தச் சாமான்’, அதுதான் சங்கேதத்தின் திறவுகோலாம். வெள்ளி பின்னேரம் வாகனம் வரும், ஆளைக் கூட்டிப்போய் விசாரிப்பார்கள் என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வருஷங்களில் வாகனத்தில் கூட்டிப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். துடுப்பில் கேட்டதே நான்தானே.

அவரைப் பிடித்துக் கொடுக்கப் போவது என்னுடைய கையெழுத்து.

மே 13, புதன்

காலை முழுவதும் கொ.ஐ.யோடு வாய்த்தர்க்கம்.

"அது கறிதான் ஐயா."
"நிரூபிக்க முடியுமா?"
"சமைச்சுக் காட்டுறன். கோப்பில இரிக்கிற மாதிரியே. வாயில வைக்க முடிஞ்சாக் கறி. முடியாட்டி நீங்க சொல்லுற சங்கேதம்."

யோசித்தார். மேலிடத்தில் இப்படி ஒரு பரிசோதனை முறை இருக்கிறதா என்று கேட்டார். ஸ்.மி. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "வெள்ளைக்காரன் காலத்திலயிருந்து இரிக்கு" என்றார்.

பட்டியல்: இறால் (ப.கா. கொண்டுவருவார்), தேங்காய் 1, சின்ன வெங்காயம், வெந்தயம், கறிவேப்பிலை, தூள், வேலியோர மரத்து மாங்காய் 1.

மே 14, வியாழன்

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் ஒழுங்காக எழுதவேண்டும்.

காலை துடுப்பில் தன்னாமுனைக்காரர், அதே இறால் கறி, அதே கேள்வி. பிறகு அடுப்படி. ஸ்.மி. கோப்பை விரித்து வைத்து வாசிக்க வாசிக்க நான் சமைத்தேன். வெங்காயம், வெந்தயம், தூள், இறால், இரண்டாம் பால், மாங்காய்ச் சீவல், முதற்பால். கொ.ஐ. பக்கத்தில் நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்தார்.

கோப்பையில் பரிமாறினேன். கொ.ஐ. ஒரு வாய் வைத்தார். கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். இரண்டாம் கோப்பை. மூன்றாம் கோப்பை. "இது கறிதான்" என்றார். எனக்குத் துள்ளவேண்டும் போல் இருந்தது.

அப்போது ஸ்.மி. சட்டிக்குள் அகப்பையை விட்டு எதையோ தூக்கினார்.

"இதென்ன மகள்?"
"மாங்கொட்டை. பிளந்து போட்டன்."
"கோப்பில இல்லியே. ஏன் போட்டாய்?"
"எல்லாரும் போடுறதுதானே மிஸ்?"
"ஒருத்தரும் போடமாட்டாங்க. கொட்டைய எறிவாங்க."

போட்டது எனக்கே தெரியாது. கத்தியை எடுத்தது, கொட்டையைப் பிளந்தது, பருப்பை நீக்கி ஓடுகளை மட்டும் சட்டிக்குள் விட்டது, எல்லாம் கைதான் செய்திருக்கிறது.

கொ.ஐ. எழும்பிவிட்டார். "அவன் நாலு வருஷமாகத் தேடுகிற சாமான் இதுதான் என்றால், அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அவனுடைய ஆளா?"

"ஓம்" என்றார் ஸ்.மி. மெதுவாக. "அவருடைய ஆள்தான்." பிறகு கதிரையில் இருந்து அழத் தொடங்கினார். ப.கா. என்னைக் கொண்டுவந்த அன்றே எனக்குத் துடுப்பில் கேட்டதாம். அதனால் சுனாமி முகாம் பட்டியலில் என்னைப் பதியவில்லையாம். இரண்டு வருஷத்துக்கு முன் கறிக்காரரின் பேச்சிலிருந்து, அவருடைய மனைவி நான்தானோ என்று ஸ்.மி.க்குச் சந்தேகமும் வந்திருக்கிறது. "சொன்னா நீ போயிருவாய். போனா அந்த பஸ்ஸுகளில ஏறுற சனத்துக்கு ஆர் சொல்லுற?"

கோபம் வந்தது. வந்து ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போய்விட்டது. பொய், இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைவிடப் பயம் கூட இருக்கிறது. ஞாபகம் வந்தால் காது போய்விடும். காது போனால் நான் யார்? பன்னிரண்டு மெசினுக்கு நடுவில் தையல் தெரியாத ஒருத்தி. ஞாபகம் வராவிட்டால் அதைவிட மோசம்: அந்த மனிதனுக்கு அவளுடைய முகத்தோடு வேறொருத்தி.

கொ.ஐ. நாளைக்கு நேரில் பார்த்துத்தான் முடிவு என்கிறார். வாகனம் நாலு மணிக்கு.

மே 15, வெள்ளி

நாலு பேர், ஒரு தோணி, மடியில் கறிச் சட்டி. ப.கா. தண்டு வலித்தார். ஸ்.மி. குடை பிடித்தார். கொ.ஐ. சப்பாத்தைக் கழற்றி இரண்டு கையிலும் தூக்கி வைத்திருந்தார். அக்கரைச் சோதனையில் ஆமிக்காரப் பொடியன் சட்டியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விட்டான்.

சைக்கிள் திருத்தும் கொட்டில். பெயர் அந்தோனி. காதோரம் நரைத்த, ஒல்லியான மனிதர். ஒரு ரியூபைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றுப் போகும் இடம் தேடிக்கொண்டிருந்தார். என் மனதில் ஒன்றும் அசையவில்லை. குரலை மட்டும் எங்கே கேட்டாலும் தெரியும். நான் குடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

கொ.ஐ. சட்டியை நீட்டி, "இதைச் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும், அரசாங்க அலுவல்" என்றார். பாவம், மனிதர் பயந்துபோய் ஒரு வாய் வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். வாயிலிருந்து மாங்கொட்டை ஓடு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

இது யார் சமைத்தது என்று கேட்கவில்லை.

"எங்க அவ?" என்றார்.

குடையை ஸ்.மி. மடக்கினார்.

அவர் அழுதார். நான் என்ன செய்வதென்று தெரியாமல், உண்மையைச் சொன்னேன். "எனக்கு உங்களத் தெரியல்ல. ஒண்ணும் ஞாபகமில்ல. ஆனா போன கிழம திங்கள் உங்கட பருப்பு அடிப்பிடிச்ச. அதுக்கு முதல் நாள் பூசணிக்காய் வேகல்ல. தவக்காலத்தில பாற்சோறு வச்சுச் சீனிக்குப் பதிலா உப்புப் போட்டீங்க."

"இதெல்லாம் ஆர் சொன்ன உனக்கு?"

"நீங்கதான். ஒவ்வொரு நாளும்."

ப.கா. மூக்கைச் சிந்தத் தன் விற்பனைச் சாரம் ஒன்றை உதறினார்.

கொ.ஐ. தொலைபேசியில் வாகனம் வேண்டாம் என்றார். பிறகு கோப்பின் கடைசித் தாளில் எழுதினார்: ‘சங்கேதம் அல்ல. கணவன்.’ முத்திரையும் குத்தினார்.

மே 17, ஞாயிறு

ஸ்.மி. லீவு தந்திருக்கிறார். தன்னாமுனையில் இருக்கிறேன், முன்னறை கட்டிலில். அவர் கொட்டிலில் படுக்கிறார். ஆசுபத்திரிகளில், முகாம்களில் எங்கெல்லாம் தேடினார் என்று சொன்னார். என் பெயரையும் சொன்னார். நிலையத்து விதிப்படி இங்கே எழுதமாட்டேன். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். புதுச் செருப்பு மாதிரிக் கடிக்கிறது.

மதியம்: கத்தரிக்காய். கருகிவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மே 19, செவ்வாய்

சண்டை முடிந்துவிட்டதாம். ரேடியோவில் அதே பேச்சுத்தான். சந்தியில் வெற்றிக் கொண்டாட்டம், வெடி, பாற்சோறு. முன்வீட்டுப் பெண்ணுக்கு மகன் வன்னியில். அவள் கதவைத் திறக்கவில்லை. சோறு கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

ப.கா. செய்தி கொண்டுவந்தார்: நிலையம் மூடியாயிற்று. பலகை கழற்றவில்லை. ஸ்.மி. நேற்று முதல் உண்மையாகவே தையல் வகுப்பு தொடங்கிவிட்டார். பன்னிரண்டு மெசினுக்கு இருபத்தொரு பிள்ளைகள். "மிஸ்ஸுக்கே தைக்கத் தெரியாது புள்ள, புத்தகத்தப் பாத்துப் படிச்சுக் குடுக்கிறா." கொ.ஐ. போகும்போது கறிக் கோப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாராம்.

இதை முதலில் எழுதியிருக்கவேண்டும், தள்ளித் தள்ளிப் போட்டேன். காலை 6, அவருடைய துறையில் துடுப்பைத் தண்ணீரில் விட்டுப் பிடியைக் காதில் வைத்தேன். வாத்துக்காரி இல்லை. மற்றக் காதில் வைத்தேன். யாருமே இல்லை. வெறும் தண்ணீர். கொஞ்சம் அழுதேன், பிறகு அங்கேயே இருந்து தனியாகச் சிரித்தேன்.

அடுப்படியில் அவர் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். கரையிலிருந்தே, "உப்பு!" என்று கத்தினேன். "போட்டுட்டன்!" என்றார். போட்டிருக்கமாட்டார். கலியாணத்துக்கு மறுநாள் காலையிலும் இப்படித்தான் சொன்னார்.