விசிறி இல்லாத பெட்டி

பிப்ரவரி 3, செவ்வாய்

மாமா இன்றும் காது மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். "சாப்பிட வாங்க மாமா" என்று மூன்று முறை கத்தினேன். நாலாவது முறை தோளைத் தொட்டேன், திடுக்கிட்டுத் திரும்பினார். எண்பத்தொரு வயது மனிதரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட இப்படிப் பயமுறுத்த வேண்டியிருக்கிறது.

ஏன் கழற்றினீர்கள் என்று சைகையில் கேட்டதற்கு, அறை மூலையில் இருக்கும் கறுப்புப் பெட்டியைக் காட்டினார்.

"அது ஓயாம பேசுதும்மா. அது பேச்சக் கேக்கறதுக்கு யார் பேச்சும் கேக்காமயே இருந்துடலாம்."

அது என் வீட்டுக்காரர், மாமாவின் மகன், கப்பல் வேலைக்குக் கிளம்பும் முன் வைத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர். வீட்டுக்கு இணைய ஒயர் மாமா அறை வழியாகத்தான் வருகிறது. முதலில் அந்தப் பெட்டிக்குள் போய், அது நல்லது கெட்டது பார்த்து விட்டபிறகுதான் மற்றவர்களுக்கு. ஃபயர்வால் என்பார்கள். நோயாளிகளின் ரத்த அறிக்கைகளை வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் கட்டாயம் இப்படி ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் லேபில் உத்தரவு. ஆக, அது பேசுவது எனக்காக. காது மூடிக்கொண்டது மாமா.

பிப்ரவரி 5, வியாழன்

மாமாவின் மிஷினைத் துடைத்து என் காதில் வைத்துக்கொண்டு அவர் அறையில் நின்றேன். ஐயோ! பெட்டிக்குள் சுற்றும் விசிறி, வாசலில் லாரி நின்று உறுமுகிற மாதிரி இருந்தது. ஒன்பது மாதமாக இதற்குப் பக்கத்திலேயே அவர் கட்டில்.

எனக்கு வெறும் காதில் அது கேட்டதுகூட இல்லை. கேட்காததால் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கப்பல் ஏதோ துறைமுகத்தில் நிற்கிறதாம், இவர் போனில் பேசினார். பெட்டியை மாற்றப் போகிறேன் என்றதும் ரோஷம் வந்துவிட்டது.

"நான் பாத்துப் பாத்து செஞ்சது. அதுல என்ன குறை?"

"குறையெல்லாம் இல்லைங்க. உங்கள மாதிரியே நல்லா உழைக்குது, உங்கள மாதிரியே குறட்டை விடுது."

சிரித்துவிட்டார். சிரித்தால் உதவி செய்வார் என்று தெரியும். விசிறியே இல்லாத சின்ன கம்ப்யூட்டர்கள் வருகின்றனவாம். உடம்பு முழுக்க அலுமினியம், முதுகில் வரிவரியாகத் தகடு, சூடு அது வழியாகவே வெளியேறிவிடும். "நெட்வொர்க் ஒயர் சொருகற ஓட்டை குறைஞ்சது ரெண்டு இருக்கணும். வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. ஒரே ஓட்டை இருக்கறத அழகா இருக்குன்னு வாங்கிட்டு வந்துடாத."

நான் அழகைப் பார்த்து எதையாவது வாங்கியிருந்தால் இவரைக் கல்யாணம் செய்திருப்பேனா? அதையும் சொன்னேன். அதற்குள் லைன் போய்விட்டது, நல்லவேளை.

பிப்ரவரி 14, சனி

மாமாவையும் கடைக்குக் கூட்டிப்போனேன். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், மோட்டாரில் காது வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவாராம். "மிஷின மாட்டிக்கிட்டு வாங்க மாமா, நீங்கதான் இன்னைக்கு டாக்டர்" என்றேன். அதற்காகவே சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

கடைக்காரப் பெண் மூன்று பெட்டிகள் காட்டினாள். முதலாவது உள்ளங்கையில் அடங்கும், அழகோ அழகு, ஒரே ஓட்டை. இவர் முகம் ஞாபகம் வந்து தள்ளி வைத்தேன். இரண்டாவதை ஓடவிட்டாள். நான் காது வைத்தேன், சத்தமே இல்லை. அவளும் வைத்தாள், இல்லை. மாமா குனிந்து, கண்ணை மூடி, நெடுநேரம் கேட்டார்.

"இதுக்குள்ள ஒரு கொசு இருக்கும்மா."

அந்தப் பெண் மறுபடி குனிந்து காது வைத்துப் பார்த்தாள். விசிறி இல்லாவிட்டாலும் சில பெட்டிகளில் மின்சாரம் ஓடும் சுருள் இப்படி மெலிதாகக் கீச்சிடுமாம், சாதாரணக் காதுக்குப் பிடிபடாதாம். "உங்க அப்பாவ எங்க கடைக்கு வேலைக்கு அனுப்புறீங்களா அக்கா?" என்றாள். மாமா வெட்கப்பட்டதை இன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

மூன்றாவது, செங்கல் போல் கனம், நாலு ஓட்டை. மாமா கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். "ஓடுதா இது?" என்றார். பச்சை விளக்கைக் காட்டினாள். "அப்ப இதான்."

"தொட்டா சூடா இருக்கும், பயப்படாதீங்க. மேல துணி மட்டும் போட்டு மூடிடாதீங்க" என்று கட்டிக்கொடுத்தாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்தேன். இவர் அனுப்பிய பட்டியலில் ஆறாவது படியில் வெளி ஒயரை உள்ளேயும் உள் ஒயரை வெளியேயும் சொருகிவிட்டு, இரண்டு மணி நேரம் இவரையும் இவர் பரம்பரையையும் திட்டினேன். பரம்பரை பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தது.

பழைய பெட்டியை நிறுத்தியதும் மாமா அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?"

இல்லை மாமா, அமைதி வந்துவிட்டது.

மிஷினோடு சாப்பிட உட்கார்ந்தார். நாலு வாய் சாப்பிட்டபின், "நீ சாப்பிடும்போது இவ்ளோ சத்தம் போடுவியா?" என்றார். சிரித்துக்கொண்டே அழுதேன். அல்லது மாற்றியா, தெரியவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

புதுப் பெட்டியில் ஒரு பதிவேடு இருக்கிறது. யார் வந்து கதவைத் தட்டினார்கள், யாரைத் திருப்பி அனுப்பியது என்று வரிவரியாக எழுதி வைக்கிறது. இன்று மாலை திறந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் நானூறு தட்டல்! கேள்விப்படாத தேசங்களிலிருந்தெல்லாம்.

தேசங்களின் பட்டியல் ஒன்றும் இருந்தது, வேண்டாதவற்றைத் தேர்ந்து தடுக்கலாம். நம் நாட்டையும் லேபுக்கு வேண்டிய இரண்டையும் விட்டுவிட்டு உலகம் முழுவதற்கும் டிக் போட்டேன். உள்ளே வருவதைத் தடுக்கவா, வெளியே போவதையா, இரண்டையுமா என்று கேட்டது. இரண்டையும்தான். அரைகுறையாகச் செய்வது என் ஜாதகத்திலேயே இல்லை.

நிம்மதியாக இருக்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

மாமாவுக்கு என்னவோ ஆகியிருக்கிறது. மிஷின் காதில் இருக்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறார், ஆனால் பேச்சில்லை. போன வாரத் தொடக்கத்தில் பழைய லிஃப்ட் கதைகள் சொல்லிச் சிரிக்க வைத்தவர். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

காது டாக்டரிடம் காட்டினேன். காது முன்னைவிட மோசமில்லையாம். திரும்பும் வழியில் மாமா சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் வந்தது, அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். இவ்வளவு பாடுபட்டு இந்த மனுஷனுக்குக் காதை வாங்கிக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டுவிட்டாரே என்று.

மார்ச் 3, செவ்வாய்

இன்று பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. தெரிஞ்சவர் ஒருத்தர் போயிட்டார்."

"யாரு மாமா?"

"உனக்குத் தெரியாது." பிறகு, "எனக்கும் பேர் தெரியாது."

பழைய வேலைக்காலத்து மனிதர் யாரோ என்று நினைத்துக்கொண்டேன். மேலே கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன். எல்லாரும் ஒருநாள் போகத்தானே வேண்டும் மாமா என்றெல்லாம்.

மார்ச் 7, சனி, பகல்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் பதிவேட்டைப் பார்த்தேன். வெளியிலிருந்து தட்டுபவர்கள் போக, வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். மாமா தன் மேசையில் சதுரங்கம் ஆடுகிற கம்ப்யூட்டர். நாலு மணி, தடுக்கப்பட்டது. நாலு ஐந்து, தடுக்கப்பட்டது. நாலு பத்து. நாலே கால். ஐந்தரை வரை. தினமும். எல்லாம் ஒரே முகவரிக்கு.

என் முதல் எண்ணம் — வைரஸ். லேபில் வேலை செய்கிற புத்தி. மாமாவிடம் போய், "உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு நடக்குது, தினமும் நாலு மணிக்கு எங்கேயோ போகப் பாக்குது" என்றேன்.

"கம்ப்யூட்டர் இல்லம்மா, நான்தான். தொப்பிக்காரரப் பாக்க."

இரண்டு வருஷமாக அவரோடு சதுரங்கம் ஆடுகிறாராம். நான் கம்ப்யூட்டரோடு ஆடுகிறார் என்றே நினைத்திருந்தேன். எங்கோ தூரதேசத்தில் ஒரு சின்னச் சதுரங்கக் கழகம் நடத்தும் பக்கம். பலகைக்குப் பக்கத்தில் குட்டி சன்னலில் எதிராளியின் முகம் தெரியும். அவர் வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார். மாமா மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி மாமாவுக்குத் தெரியாது. காதே வேண்டாத ஒரே சிநேகிதம். பூனையைத் தூக்கிக் காட்டுவாராம், புதுப் பல்லைக் காட்டுவாராம், சன்னலுக்கு வெளியே பனியைக் காட்டுவாராம். மாமா பதிலுக்கு மகன் போட்டோவைக் காட்டினாராம்.

"உன்னையும் தெரியும். ஒரு சனிக்கிழம நீ பின்னால தலை வாரிக்கிட்டுப் போன. கை ஆட்டினார், நீ பாக்கல."

கடைசியாகப் பார்த்த அன்று தொப்பிக்காரர் ரொம்ப இருமினாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சிரித்தாராம். அடுத்த நாள் பக்கம் திறக்கவே இல்லை. அடுத்த நாளும். அவ்வளவுதான் என்று மாமா புரிந்துகொண்டார்.

எந்தத் தேதி என்று கேட்டேன். கேட்காமலே தெரியும்.

பதினேழு நாள்! பதினேழு நாளா அந்த மனுஷன் நாலு மணிக்குப் போய் உக்காந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டிப் பாத்திருக்கார். நான் என்னடான்னா கையப் புடிச்சி ஆறுதல் சொல்றேன். எனக்கு என்ன திமிரு! ஒரு டிக். ஒரே ஒரு டிக். கேட்டிருக்கலாமில்ல? "மாமா, உங்களுக்கு வெளிநாட்டுல யாராவது உண்டா"ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?

"நான்தான் மாமா" என்றேன். சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை போலிருந்தது.

"அப்போ... அவர் போகலியா?"

"தெரியல மாமா. பக்கத்த மூடினது நான்ங்கறது மட்டும்தான் தெரியும்."

கடைக்காரப் பெண்ணைப் போனில் பிடித்தேன். "வெளிய இருந்து தட்டறவங்கள அது தானாவே விடாதுக்கா. நீங்க வீட்டு ஆளுங்களையும் சேத்துப் பூட்டியிருக்கீங்க" என்றாள். பட்டியலை எடுத்துவிட்டேன். பக்கம் திறந்தது. பாதி ஆட்டத்தில் விட்ட பலகை அப்படியே இருந்தது. மூன்று நாள் வராத எதிராளியை ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கழகத்தில் ஒரு விதி, அதற்கு ஒரு பொத்தான். தொப்பிக்காரர் அதை அழுத்தவில்லை.

"பாருங்க மாமா, எடுத்துக்கல! காத்துக்கிட்டிருக்கார்!"

மாமா பலகையைப் பார்த்தபடியே சொன்னார், "எடுத்துக்க ஆளில்லாமலும் இருக்கலாம்மா."

இப்போது மூன்றரை மணி. சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

அதே நாள், மாலை

நாலு மணிக்குக் குட்டி சன்னல் கறுப்பாக இருந்தது. நாலு ஐந்துக்கும் கறுப்பு. மாமா கை மேசைமேல் இருந்தது, நான் என் கையை அதன்மேல் வைத்தேன். தட்டிவிடவில்லை.

நாலு பன்னிரண்டுக்குச் சன்னலில் ஒரு தொப்பி வந்தது.

எங்களைப் பார்த்தார். எழுந்து ஓடிவிட்டார். மாமா பதறி, "என்னாச்சு, என்னாச்சு" என்கிறார். திரும்பி வந்தபோது ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். என் வயதுதான் இருக்கும், கையெல்லாம் மாவு. அவள் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவானது. அவர் எங்களைக் காட்டி அவளிடம் ஏதோ கத்தினார். மொழி தெரியாவிட்டால் என்ன? "நான் சொன்னேனா இல்லியா"தான் அது.

மாமா என்னைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் காட்டினார். நானும் அவளும் கை ஆட்டினோம். நான் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, அவளும் கூப்பினாள்.

பிறகு கிழவர்கள் இருவரும் எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். மாமாவின் முறையாம். பதினெட்டு நாளாக.

மார்ச் 9, திங்கள்

மாமாவின் சதுரங்கப் பக்கத்துக்கு எப்போதும் வழிவிடச் சொல்லிப் பெட்டியில் புதிதாக ஒரு விதி எழுதினேன். விதிகளை அது மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துவதுதான் செல்லும். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். இந்த விதிக்குக் குறிப்பு என்ன என்று கேட்டது. "மாமா, நாலு மணி. கேட்காமல் யாரும் தொடக்கூடாது" என்று எழுதினேன். யாரும் என்றால் நான்தான். வேறு யார் தொடப் போகிறார்கள்?

மார்ச் 12, வியாழன்

லேபில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்தேன். மாமா ஆடிக்கொண்டிருந்தார், காதில் மிஷின். ஆட்டம் முடிந்தபின் கேட்டேன்.

"அவர் பேசறதுதான் உங்களுக்குப் புரியாதே, அப்புறம் எதுக்கு மாமா மிஷின்?"

"இருமல் கேக்கணும்ல. மூஞ்சியப் பாத்தா ஏமாத்திடுவார், சிரிச்சுக்கிட்டே இருப்பார்." கம்ப்யூட்டரை அணைத்தார். "இன்னைக்கு ரெண்டே ரெண்டு தடவதான்."