நாலாவது கட்டத்தில் தம்பி

அன்புத் தம்பிக்கு,

ஜெயிலில் டிவி கிடையாதாமே. உனக்கு நல்லதுதான்.

உழுபவருக்கே நிலம் என்ற சட்டத்துக்காக என் விவாத நிகழ்ச்சியில் பேச வந்தாய். பாதியில் உன் மைக்கை நிறுத்தச் சொன்னேன். எல்லாரிடமும் அப்படித்தான் செய்வோம். திரையில் வாய் மட்டும் அசைந்தால் ஆள் பைத்தியம் போலத் தெரிவான். வீட்டில் அம்மா, "டிவி கெட்டுப்போச்சு, புள்ள பேசறது கேக்கல" என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாளாம். கடைசியில் கேட்டது, நான் உன்னை "தேசத் துரோகி" என்று கத்தியதுதான். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. வயசாகிவிட்டது, விடு.

மறுநாள் போலீஸ் உன்னைத் தூக்கியதற்கும் நான்தான் காரணம் என்று உன் பெண்டாட்டி சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளுக்கு எப்போதுமே வாய் நீளம்.

சட்டம் எப்படியும் வந்துவிடுமாம். வந்தால் அதைப் புகழ்ந்தும் நானே பேசுவேன்.

நாளை விவாதம் உன்னைப் பற்றி. நீ வர முடியாதே, திரையில் பேச்சாளர்கள் வரிசையில் நாலாவது கட்டத்தில் போட உன் படம் கேட்டார்கள். என் கல்யாணத்தில் என் தோள்மேல் கை போட்டுச் சிரிப்பாயே, அதைக் கொடுத்தேன். என்னை வெட்டிவிடச் சொல்லிவிட்டேன். உன் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும்; யாரும் கவனிக்க மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்