ஊட்டிக்குப் போனவர்களின் குருவிகள்

2025 மே 3, சனி

இன்று எட்டு லவ் பேர்ட்ஸ் வந்தன, ஒரே கூண்டில். ஏற்கெனவே பின்வராந்தாவில் இரண்டு முயலும் ஒரு கினி பிக்கும் இருக்கின்றன. மே மாதம் வந்தால் பிளாக்கே காலியாகி ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. கூட அழைத்துப் போக முடியாததெல்லாம் என் தலையில் வந்து விடிகிறது. நாளுக்கு இவ்வளவு என்று காசுக்காக நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட தலைவிதிதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

கொண்டுவந்தவள் சண்முகப்பிரியா. புருஷன் அருண்ராஜ் மைன்ஸில், நிலக்கரி வெட்டும் மிஷினுக்கு ஆபரேட்டர். “ஊட்டி போறோங்க்கா, அப்படியே மைசூரு. பன்னெண்டு நாளு” என்றாள். கூண்டைப் பார்த்தேன். கம்பி கம்பியாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறாள். இந்த நாலு வருஷத்தில் யாரும் எனக்குக் கூண்டைக் கழுவிக் கொடுத்ததில்லை. எச்சத்தோடுதான் தருவார்கள், நான்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுரண்டுவேன். தினையும் ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு இருக்கிறது. பன்னிரண்டு நாளுக்கு எதற்கு இவ்வளவு?

போகும்போது வராந்தாவை நாலைந்து போட்டோ எடுத்தாள். “எதுக்கும்மா?” என்றேன். “சும்மாக்கா” என்றாள். சும்மா யாராவது அடுத்தவர் வராந்தாவைப் போட்டோ எடுப்பார்களா?

மே 5, திங்கள்

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது. முயல்கள் சிமெண்ட் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கின்றன. கூண்டுகள் மேல் ஈரச் சாக்கு போட்டேன்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் விஜயலட்சுமி சுவருக்கு மேலே தலையை நீட்டி, “என்னக்கா, புதுசா சத்தம் கேக்குது?” என்றாள். “தங்கச்சி வூட்டுக் குருவி” என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அவள் புருஷனுக்கு வேலை குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் எஸ்டேட் ஆபீசில். குவார்ட்டர்ஸில் எந்தத் தொழிலும் நடத்தக்கூடாது என்பது விதி. போன வருஷம் ஜாக்கெட் தைப்பதற்கு ஒரு போர்டு மாட்டினேன், பத்தே நாளில் கடிதம் வந்தது. இன்னொரு முறை புகார் வந்தால் ஒதுக்கீடு ரத்து. கம்மாபுரம் பக்கம் இருந்த எங்கள் வீடும் நிலமும் சுரங்கத்துக்குப் போய், அதற்குப் பதிலாகக் கிடைத்ததுதான் இவருடைய வேலை. இந்தக் கூரையை விட்டால் எங்களுக்கு வேறு கூரை கிடையாது. மகள் தமிழ்மொழி வேறு பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். அந்தப் புகாரை எழுதிப் போட்டது யார் என்று எனக்குத் தெரியாமலா இருக்கிறது? தலை நீட்டும் உயரத்தில்தான் இருக்கிறது சுவர்.

மே 6, செவ்வாய்

சண்முகப்பிரியா போன் செய்தாள். குருவிகள் சாப்பிடுகின்றனவா, பச்சைக் குருவி ஓரமாக ஒதுங்குகிறதா என்றெல்லாம் விசாரித்தாள். “ஊட்டியில குளிரு எப்படிம்மா?” என்று கேட்டேன். “எங்கக்கா, ஃபேன் போட்டாலும் வேர்த்துக் கொட்டுது” என்றாள். அடுத்த விநாடியே சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

ஊட்டியில் ஃபேனா!

மே 8, வியாழன்

சாப்பிடும்போது இவரிடம் ஃபேன் கதையைச் சொல்லிச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. “எந்த அருண்ராஜ்? ஆபரேட்டரா? திங்கக்கிழமைலேர்ந்து தெனம் எங்கூடத்தான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ல வராரு. எனக்கு நாலு சீட்டு முன்னாடி குந்திகினு வராரு” என்றார்.

டவுன்ஷிப்பில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஜோசியம் வேண்டாம், ஷிப்ட் தெரிந்தால் போதும். ஷிப்ட் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் ஊட்டியில் இருக்க முடியாது. அப்படியென்றால் வீட்டிலேயே இருந்துகொண்டு குருவியை மட்டும் என்னிடம் ஏன் அனுப்பினார்கள்?

போட்டோ. அதற்குத்தான்.

மே 9, வெள்ளி

நேற்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. இன்று காய்கறிக் கடையில் பார்த்தேன். சண்முகப்பிரியாவும் விஜயலட்சுமியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சண்முகப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி என்ன வேண்டும்? குருவியைக் கொடுத்து, வராந்தாவைப் போட்டோ எடுத்து, எஸ்டேட் ஆபீசுக்கு அனுப்பும் திட்டம். தூண்டில் போட்டிருக்கிறார்கள். நானும் புழுவுக்குத் தினை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சும்மா இருந்தால் குவார்ட்டர்ஸ் போய்விடும். இவரிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குப் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அந்த ஆளைக் கேட்க வேண்டும்: ஊட்டி போவதாகச் சொன்னீர்களே, என்ன ஆயிற்று என்று. நாலு பேர் சாட்சி இருந்தால்தான் நாளைக்குக் கடிதம் வந்தாலும் நாம் பேச முடியும். இவர், “விடு மலரு, நமக்கு ஏன்?” என்றார். நான் விடவில்லை.

மே 10, சனி

கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுப் பையை மேசையில் தூக்கிப் போட்டார்.

“உன் பேச்சைக் கேட்டுகினு போயி அந்தாள எல்லார் முன்னாடியும் நிக்க வச்சிட்டேன். என்னாத்துக்குப் பொய் சொல்லிட்டு வேலைக்கு வர்றீங்கன்னேன். வாயத் தொறந்தாரு, இருமல் புடிச்சிகிச்சி. மைன்ஸ் கேட்டு வரைக்கும் நிக்கல. மூச்சு வாங்க முடியாம கம்பியப் புடிச்சிகினு குனிஞ்சிகினே வந்தாரு. பஸ்ஸே பாத்துச்சு. ஷிப்ட் இன்சார்ஜுக்கும் சேதி போயிடுச்சு.”

மாட்டிக்கொண்டவர்கள் இருமத்தானே செய்வார்கள் என்றேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மே 11, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

காலையில் ஆட்டோவில் கூண்டை ஏற்றிக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் தூண்டிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன். சண்முகப்பிரியா கதவைத் திறந்தாள். கூண்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் நிலைப்படியில் குறுக்கே வைத்து, “உள்ள கொண்டாராதீங்கக்கா! ஐயோ, கொண்டாராதீங்க!” என்று கத்தினாள். உள்ளேயிருந்து இருமல். வறட்டு இருமல், ஒன்றன்மேல் ஒன்றாக. அது நடிப்பில்லை. அதைக் கேட்டதும் நான் கட்டி வைத்திருந்த வாக்கியம் எல்லாம் போய்விட்டது.

வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள். மூன்று மாதமாக அவருக்கு இருமலும் இளைப்பும். பாண்டிச்சேரி டாக்டர், இது வேலை இடத்துத் தூசியாலும் இருக்கலாம், குருவி இறகுத் தூசியாலும் இருக்கலாம், மூன்று வாரம் குருவிகளை வெளியே வைத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றாராம். அதற்குத்தான் ஊட்டி. அதற்குத்தான் ஒரு மாதத் தினை. கூண்டைக் கழுவியது, அந்தத் தூசி என் வீட்டுக்கு வரக்கூடாது என்று. போட்டோ அருண்ராஜுக்கு. ஆறு வருஷமாக அவர் வளர்க்கிற குருவிகள். ராத்திரி படுக்குமுன் போனில் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறாராம்.

“என்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன். கேட்கும்போதே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது.

“குருவிய ஏன் வெளிய வச்சீங்கன்னு யாராச்சும் கேட்டா இருமல்னு சொல்லணும். இருமல்னு சொன்னா சாயந்திரத்துக்குள்ள மைன்ஸ் பூரா போயிடும். மிஷின்லேர்ந்து எறக்கிடுவாங்க. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா வேலை என்னா ஆவறது, குவார்ட்டர்ஸ் என்னா ஆவறது? எங்களுக்கு மட்டும் ஊர்ல வூடா இருக்கு? நீங்க நேத்து பஸ்ஸுல கேக்கச் சொன்னீங்களாமே. அவரு இனிமே டாக்டர் சர்டிபிகேட் இல்லாம மிஷின் ஏற முடியாதுக்கா. இன்சார்ஜ் போன் பண்ணிச் சொல்லிட்டாரு.”

அவள் அழவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பி வந்தேன். குருவிகள் வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தன.

மே 12, திங்கள்

வெட்கமாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

மே 14, புதன்

இவர் என்னிடம் பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

விஜயலட்சுமி சுவரருகே வந்தாள். எனக்குள் இருந்ததை இன்று கேட்டே விட்டேன்: போன வருஷம் ஜாக்கெட் போர்டு பற்றிப் புகார் கொடுத்தது நீதானே? அவள் முதலில் திகைத்தாள், அப்புறம் சிரித்தாள். “ஏங்க்கா, புகார் குடுக்கறதா இருந்தா உங்க முயலு என் ரோஜாச் செடிய மொட்டையா மேஞ்ச அன்னைக்கே குடுத்திருப்பேனே! போர்ட மெயின் ரோட்டப் பாத்து மாட்டினா ரவுண்ட்ஸ் வர்றவங்க கண்ணுல படாதா?” என்றாள். அன்று காய்கறிக் கடையில் சண்முகப்பிரியாவிடம் என்ன பேசினாய் என்றும் கேட்டேன். “முருங்கக்கா முத்தலா இருக்குன்னு பேசினோம்.”

முருங்கைக்காய். இதற்கா நான் ஒரு மனுஷனை மிஷினிலிருந்து இறக்கினேன்?

மே 17, சனி

இன்று வேண்டுமென்றே அவர்கள் பிளாக் வழியாக நடந்தேன். உள்ளே போகத் துணிவில்லை. இருமல் கேட்கிறதா என்று மட்டும் ஒரு நிமிஷம் நின்று கேட்டேன். கேட்கவில்லை. வீட்டில் ஆள் இல்லையோ என்னவோ. பார்த்தாயா, நல்லதைக்கூட என்னால் சந்தேகப்படாமல் இருக்க முடியவில்லை.

மே 24, சனி

மூன்று வாரம் முடிந்தது. பாண்டிச்சேரிக்குப் போய் ஊதிப் பார்க்கும் டெஸ்ட், ரத்த டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்களாம். இவர்தான் பஸ்ஸில் கேட்டு வந்து சொன்னார், இரண்டு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. “ரத்தத்துலயே தெரிஞ்சிடுச்சாம், குருவிதானாம். மைன்ஸ் தூசி இல்ல. சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை மிஷின் ஏறாரு.”

சாமி படத்துக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். குருவிகள் இனி அந்த வீட்டுக்குப் போக முடியாது. நானே வைத்துக்கொள்கிறேன், கண்ணாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். பச்சைக் குருவி இப்போது என் கையிலிருந்தே தினை கொத்துகிறது.

மே 25, ஞாயிறு

சண்முகப்பிரியா வந்தாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், “கூண்ட எடுத்துக்கறேங்க்கா” என்றாள். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. கூண்டை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். ரோட்டுப் பக்கம் போவாள் என்று பார்த்தேன். பக்கத்து கேட்டைத் திறந்தாள். விஜயலட்சுமி இரண்டு கையாலும் கூண்டை வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 4, புதன்

கினி பிக்கையும் கொண்டுபோய்விட்டார்கள். முயல்களை விட்டுப்போயிருந்த டீச்சரம்மா அவற்றை வாங்க வந்தபோது, தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அழைத்து வாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்றாள். மந்தாரக்குப்பத்தில் இப்போது யாரோ ஒருவர் வைத்துக்கொள்கிறாராம். மலர்கொடி வீட்டில் முயலை விட்டால் நம் வீட்டுக் கதை பஸ் ஏறிவிடும் என்று பிளாக்கில் பேசிக்கொள்வதாகத் தமிழ்மொழி சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஜூன் 15, ஞாயிறு

எஸ்டேட் ஆபீசிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. வரவும் வராது, புகார் செய்ய இங்கே ஒன்றுமில்லை. வராந்தாவை இன்று பினாயில் போட்டுக் கழுவினேன்.

போன ஞாயிறு போலவே காலை பத்து மணிக்கு அருண்ராஜ் வந்தார். முகத்தில் மாஸ்க். விஜயலட்சுமி வீட்டு கேட்டுக்கு வெளியே, ரோட்டின் அந்தப் பக்கமே நின்றுகொண்டு, மாஸ்க்கை இறக்கி ஒரு விசில் அடித்தார். சுவருக்கு அப்பால் எட்டுக் குருவியும் ஒன்றாகக் கத்தின. இன்னொரு விசில். அவை இன்னும் கத்தின. நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்துவிட்டார். கோபமாகப் பார்க்கவில்லை. மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டு, மெதுவாக நடந்து போய்விட்டார்.

நான் நின்றதால்தான் சீக்கிரம் போனார். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும்.