நாற்பத்தொன்றாம் பக்கம்

மார்ச் 4
புதுச் சட்டம் இன்று முதல் அமல். பத்து வருடம் தாண்டிய விசாரணைக் கோப்பை யார் கேட்டாலும் அரசு கொடுத்தே ஆகவேண்டும். நான் வேலை பார்க்கும் புத்தக பைண்டிங் கடைக்கு அரைநாள் மட்டம் போட்டுவிட்டுப் போக்குவரத்து அலுவலக ஜன்னலில் முதல் ஆளாக நின்றேன். பன்னிரண்டு வருடம் முன்பு அப்பா ஓட்டிய பஸ் இறக்கத்தில் கவிழ்ந்து இரண்டு பேர் இறந்த கோப்பு. ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று மூடிய கோப்பு.

"பழசக் கிளறாதம்மா" என்றார் அப்பா. பிரேக் சரியில்லை என்று மூன்று நாள் முன்பே எழுதிக் கொடுத்ததாக அன்று தலைபாடாய் அடித்துக்கொண்டவர். ஒருவரும் நம்பவில்லை. அதிலிருந்து எந்த வண்டியையும் ஓட்டுவதில்லை. சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டுதான் போவார்.

மார்ச் 29
பதில் இல்லை. விடுவேனா?

ஏப்ரல் 11
கோப்பு வந்துவிட்டது. வரிக்கு வரி கறுப்பு மை பூசி மறைத்திருக்கிறார்கள். புகாரைக் காணோம்.
அப்பா மெல்லச் சொன்னார்: "நெஜமாவே எழுதினேனா, இல்ல எழுதினதா நெனச்சுக்கிட்டேனான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."
பாவிங்க, அவரையே அவர் நம்பாம பண்ணிட்டாங்களே!

ஏப்ரல் 12
எண்ணிப் பார்க்காமல் எந்தத் தாளையும் தைக்கமாட்டேன். கை பழகிவிட்டது. காலையில் கோப்பையும் எண்ணினேன். நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு. முதல் தாளில் இருக்கும் பட்டியலைப் புரட்டினால் — ‘பக்கம் 41: ஓட்டுநர் கொடுத்த பிரேக் புகார்’. தாளை உருவிய மகராசன் பட்டியலை மறந்துவிட்டான்!
நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். நல்லவேளை, அப்பா வீட்டில் இல்லை. தாள் கைக்கு வரும்வரை அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று முடிவு.

ஏப்ரல் 15
ஜன்னலில் இருக்கும் கண்ணாடிக்காரர், "அப்படி ஒரு தாளே இல்லம்மா" என்றார்.
"உங்க பட்டியல்லயே இருக்கு சார். உங்க ஆபீஸ் சீலோட."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். பட்டியல் அப்படியேதான் இருந்தது. மேல்முறையீடு போட்டுவிட்டேன்.

மே 30
மேல்முறையீட்டு அதிகாரி பட்டியலைப் படித்தார். "பத்து நாள்ல கொடுத்தாகணும்." ஐந்தே நிமிடம்!

ஜூன் 8
வந்துவிட்டது! அப்பாவின் கோணல் எழுத்து. விபத்துக்கு மூன்று நாள் முந்தைய தேதியோடு பணிமனை முத்திரை. கீழே எவனோ ஒரு மேலாளர்: ‘பார்த்தேன். வண்டி ஓடட்டும்.’
அப்பா மூன்று தடவை படித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "எழுதியிருக்கேண்டி! நான் எழுதியிருக்கேன்!"
"நான் எப்பவாவது இல்லைன்னேனா?" என்றாள் அம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான்.

ஆகஸ்ட் 20
அந்தத் தாளை வைத்து மறுவிசாரணை கேட்டிருந்தோம். பழைய முடிவு ரத்து. ‘ஓட்டுநர் மீது தவறில்லை’ — எழுத்தில், முத்திரையோடு. ஜெயிச்சுட்டோம்! இறந்தவர்கள் வீட்டுக்கும் ஆளுக்கொரு நகல் கொடுக்க வேண்டும் என்றார் அப்பா. தானே கொண்டுபோய்க் கொடுப்பாராம்.

ஆகஸ்ட் 23
முதல் வீடு ஊருக்கு வெளியே. அம்மாவின் தம்பி வேன் கொண்டுவந்தார். நானும் அம்மாவும் நகல்களோடு பின்னால் ஏறி உட்கார்ந்தோம். மாமா சாவியை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயர்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். பிரேக்கை மூன்று தடவை அழுத்திப் பார்த்தார்.
"எல்லாரும் பெல்ட் போடுங்க" என்றார்.